கதிரியக்கமும் உணவு இறக்குமதியும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைத் தீவின் கீழ்க்கரையிலே, கிழக்கே வங்கக்கடலும் மேற்கே பரந்த நெல்வயல்களும் எல்லையாக அமைய, இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்கள் தமிழ்க் கிராமங்களுடன் அடுத்தடுத்து நெருங்கி நிற்கின்றன. வயல் நெல்லைத் தருகின்றது. கடல் மீனைத் தருகின்றது. எருமைப் பட்டிகள் தயிரைத் தருகின்றன. எனினும், சுபஹுத் தொழுகை முடித்துத் தேநீர்க் கடைக்கு வருவோரின் கோப்பையிற் கலக்கப்படுவது பெரும்பாலும் கடல் கடந்து வந்த பால்மாவே. எங்கோ தொலைவிலுள்ள புற்றரையில் மேய்ந்த பசுவின் பால், உலர்த்தப்பட்டுப் பொதியாகி, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, லொறியேறிக் கல்முனைச் சந்தையை அடைகின்றது. அப்புற்றரையின்மீது வானிலிருந்து யாது விழுந்தது என்பதனைத் தேநீர் அருந்துவோன் தன் கண்ணாலோ நாவினாலோ அறிதல் இயலாது.

இவ்வையம் 1986ஆம் ஆண்டில் உலகெங்கும் எழுந்தது. சோவியத் ஒன்றியத்தின் உக்ரேன் நாட்டிலே செர்னோபில் அணுமின் நிலையம் வெடித்தபின், ஐரோப்பாவின் பாலும் பால்மாவும் வெண்ணெயும் இறைச்சியும் கதிரியக்கப் பொருள்களைச் சுமந்து நின்றன. அவற்றை வாங்கும் நாடுகள் எவற்றை ஏற்பது, எவற்றை மறுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியனவாயின. அம்முடிவுகளின் வரலாற்றை ஆராயுமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. இறக்குமதித் தடை என்பது சட்டப் புத்தகத்தில் எழுதப்படும் ஒரு வரியினால் மாத்திரம் வலிமை பெறுவதில்லை. அளக்கும் கருவியும், அதனைக் கையாளும் அறிஞரும், அளந்ததை அஞ்சாது வெளியிடும் நிறுவனமும் உள்ள நாடே மறுக்கும் உரிமையை உண்மையிற் பெற்றிருக்கின்றது. அளக்க இயலாத நாடு பிறர் அளந்து கொடுத்ததை ஏற்கும். அல்லது காரணம் காட்ட இயலாது அஞ்சி ஒதுக்கும். இரண்டும் அதற்குக் கேடே.

பாலிற் கதிரியக்கம் சேரும் விதம்

அணு உலை வெடிக்குமிடத்து வெளிப்படும் பொருள்களுள் உணவைப் பொறுத்தவரை முதன்மையானவை அயடீன் 131, சீசியம் 134, சீசியம் 137, ஸ்ட்ரொன்சியம் 90 என்பனவாம். இவை காற்றோடு சென்று மழையோடு நிலத்தில் வீழ்கின்றன. புல்லின்மீது வீழ்ந்ததைப் பசு மேய்கின்றது. ஒரு பசு நாளொன்றுக்கு மேயும் நிலப்பரப்பு மிகப் பெரிது. ஆதலால் பரந்த நிலத்தில் சிதறிக் கிடந்தது பசுவின் மடியில் ஒன்றுதிரள்கின்றது. அயடீன் 131 எட்டு நாள்களில் பாதியாகக் குறையும். ஆயின், அதற்குள்ளாகவே அது குழந்தைகளின் கழுத்திலுள்ள கேடயச் சுரப்பியிற் சென்று தங்கிவிடும். சீசியம் 137 பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 ஆண்டுகள் செல்லும்.

சீசியம் வேதியியற் பண்பிற் பொற்றாசியத்தை ஒத்தது. ஆதலின் நீரோடும் உப்போடும் சேருமேயன்றிக் கொழுப்போடு சேராது. பாலைக் கடைந்து வெண்ணெய் எடுக்கும்போது சீசியத்தின் மிகச் சிறுபங்கே வெண்ணெயிற் செல்லும். பெரும்பங்கு மோரிலேயே எஞ்சும். பாலைத் திரைத்துப் பாற்கட்டி செய்யும்போதும் அது வடியும் நீரோடு சென்றுவிடும். பால்மாவின் நிலை வேறு. ஏறத்தாழ 8 லீற்றர் பாலின் நீரை நீக்கினால் ஒரு கிலோகிராம் பால்மா கிடைக்கும். எட்டு லீற்றரில் இருந்த சீசியம் முழுவதும் அவ்வொரு கிலோகிராமிற் செறிந்து நிற்கும். நீரிற் கரைத்து அருந்தும்போது மீண்டும் பழைய செறிவை அடையும். ஆகவே, எல்லை வகுப்போர் உலர்ந்த மாவுக்கு வகுக்கின்றனரா, கரைத்த பாலுக்கு வகுக்கின்றனரா என்பதிலேயே எட்டு மடங்கு வேறுபாடு தோன்றிவிடும்.

கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல் எனப்படும். ஒரு செக்கனில் ஓர் அணு சிதைவது ஒரு பெக்கரலாகும். கதிரியக்கமே இல்லாத உணவு உலகில் இல்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் இயற்கையான பொற்றாசியம் 40 ஏறத்தாழ 4,000 பெக்கரலுக்கு மேல் எப்போதும் உண்டு. எனவே, "உண்டா, இல்லையா" என்று வினவுவது போதாது. "எது, எவ்வளவு, யாருக்கு" என்று வினவுதல் வேண்டும்.

முதற் பாடங்கள்

செர்னோபிலுக்கு முன்னரும் இவ்வினா எழுந்ததுண்டு. 1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் பசிபிக் கடலின் பிக்கினித் தீவிலே அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றைச் சோதித்தது. அதன் சாம்பல், தொலைவிற் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஐந்தாம் புக்குரியூ மாரு என்னும் யப்பானியப் படகின்மீது வீழ்ந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு செப்தெம்பரில் உயிர்நீத்தார். அதன்பின் யப்பானியத் துறைமுகங்களில் இறங்கிய சூரை மீன்கள் கருவிகொண்டு சோதிக்கப்பட்டன. மாசுற்றவை பெருந்தொகையாகப் புதைக்கப்பட்டன. மாசற்ற மீனையும் மக்கள் வாங்க மறுத்தமையால் மீன்விலை வீழ்ந்தது. சூரை பிடித்துப் பிழைக்கும் எக்கரையினருக்கும் இந்நிகழ்ச்சி அயலானதன்று.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பற்றியது. எவ்வளவு அயடீன் இருப்பின் பாலை விலக்குவது என்பதற்கு அந்நாளில் ஆயத்தமான விதி எதுவும் இருக்கவில்லை. அறிஞர்கள் சில நாள்களுள் அவசரமாகக் கணித்து, லீற்றருக்கு 0.1 மைக்குறோகியூரி, அதாவது 3,700 பெக்கரல், என்று எல்லை வகுத்தனர். அவ்வெல்லையின்படி ஏறத்தாழ 500 சதுர கிலோமீற்றர் நிலப்பரப்பின் பால் சில வாரங்கள் விற்பனைக்கு விலக்கப்பட்டுக் கீழே ஊற்றப்பட்டது. அங்கே பால் கறந்தவரும், அளந்தவரும், தடுத்தவரும், இழப்பீடு கொடுத்தவரும் ஒரே நாட்டினர். வேறொரு நாட்டிற்கு விற்கப்படும் உணவில் இவ்வொற்றுமை இல்லை. கறப்பவன் ஒரு நாட்டான். குடிப்பவன் வேறு நாட்டான். இடையிலே வணிகன் நிற்கின்றான்.

செர்னோபிலும் ஐரோப்பிய எல்லையும்

1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆம் நாள் அதிகாலை 1 மணி 23 நிமிடமளவிற் செர்னோபில் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. சோவியத் அரசு இரண்டு நாள் மௌனஞ் சாதித்தது. 28ஆம் நாள் சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்திற் பணியாளரின் காலணிகளிற் கதிரியக்கம் காணப்பட்டபோதே, எங்கோ பெரும் விபத்து நிகழ்ந்துளது என்பதை வெளியுலகம் அறிந்தது. விபத்துற்ற நாடு உரைக்குமுன்னர் அயல் நாட்டின் அளவைக் கருவி உரைத்தது.

மே 12ஆம் நாள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து வரும் விவசாயப் பொருள்களை நிறுத்திவைத்தது. சோவியத் ஒன்றியம், போலந்து, அங்கேரி, ருமேனியா, பல்கேரியா, செக்கோசுலோவாக்கியா, யூகோசிலாவியா என்பன அப்பட்டியலில் இருந்தன. கிழக்கு யேர்மனி இல்லை. மேற்கு யேர்மனியோடு அதற்கிருந்த தனி வணிக உறவே அதன் காரணம். காற்று எல்லைக் கல்லைப் பாராது வீசியது. தடையோ எல்லைக் கல்லைப் பார்த்தே வகுக்கப்பட்டது. மே 30ஆம் நாள் நாட்டுவாரியான தடை நீங்கி, அளவுவாரியான தடை வந்தது. பாலுக்கும் குழந்தையுணவுக்கும் கிலோகிராமுக்கு 370 பெக்கரல், ஏனைய உணவுக்கு 600 பெக்கரல் என்பன உச்ச எல்லைகளாயின. 370 என்னும் எண்ணில் மறைபொருள் ஒன்றுமில்லை. பழைய அலகிலே பத்து நானோகியூரி என்னும் முழுவெண்ணைப் புதிய அலகுக்கு மாற்றினால் 370 பெக்கரல் வரும். இயற்கையின் விதி என்று பலர் எண்ணிய எல்லை, மனிதர் மேசையிலிருந்து இணங்கிய ஒரு முழுவெண்ணேயாகும்.

மனிதர் இணங்கியதனால் அது பயனற்றது என்று கொள்ளலாகாது. பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வேல்சு, வட இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து ஆகிய மலைநிலங்களில் ஏறத்தாழ 9,700 பண்ணைகளின் செம்மறியாடுகள் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டன. சில வாரங்களில் நீங்கும் என்று முதலில் எண்ணப்பட்ட அக்கட்டுப்பாடு 2012ஆம் ஆண்டிலேயே முற்றாக நீக்கப்பட்டது. ஓர் இரவின் மழை 26 ஆண்டுகள் ஆட்டிறைச்சியில் நின்றது.

ஊர் சுற்றிய உணவு

ஐரோப்பாவின் எல்லையை மீறிய உணவு யாது ஆயிற்று? அழிக்கப்பட்டது ஒரு பகுதி. விலங்குத் தீனியாயிற்று ஒரு பகுதி. அழிக்க மனமின்றி விலை தேடி அலைந்தது மற்றொரு பகுதி. மேற்கு யேர்மனியின் பவேரியா மாநிலத்திற் பாற்கட்டி செய்தபின் எஞ்சிய நீரை உலர்த்திய மா ஏறத்தாழ 5,000 தொன் தேங்கியது. முன்னர்க் கூறியவாறு சீசியம் அந்நீரோடு செல்லும் இயல்பினது. ஆதலின் அம்மாவிலே அது மிகுந்து செறிந்திருந்தது. 1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் ஒரு பகுதி எகிப்துக்கு அனுப்பப்பட இருந்தமை வெளிப்பட்டு, புகையிரத வண்டிகள் வழியிலே நிறுத்தப்பட்டன. பின்னர் யேர்மன் அரசே அம்மாவை ஏற்று, பல கோடி செலவில், லிங்கன் என்னும் ஊரிற் சீசியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை அமைத்துத் தூய்மை செய்தது. தன் நாட்டில் விலங்குக்கும் கொடுக்கத் தயங்கிய பொருளை வறிய நாட்டுக்கு விற்க முயன்றது வணிகம். அதனைத் தடுத்தது அந்நாட்டின் விழிப்புற்ற பொதுமக்கள் கருத்து.

எல்லா இடத்தும் அத்தகைய விழிப்பு வாய்க்கவில்லை. மெக்சிக்கோவின் அரச உணவு நிறுவனமாகிய கொனாசுப்போ அயர்லாந்திலிருந்து பெருந்தொகையாக வாங்கிய பால்மா கதிரியக்க மாசுற்றது என்பது அங்கு அளந்து அறியப்பட்டபின், ஒரு பகுதி திருப்பி அனுப்பப்பட்டது. தென்கிழக்காசியாவிலே பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா ஆகியன ஐரோப்பிய எல்லையினும் மிகத் தாழ்ந்த எல்லைகளைத் தமக்கென வகுத்தன. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி சென்று, செர்னோபிற் கதிரியக்கம் காணப்படும் உணவை ஏற்பதில்லை என்ற நெறியைக் கைக்கொண்டது. அந்நாடுகளின் வாதம் எளிதாயினும் வலிதாக இருந்தது. விபத்தின் இழப்பைத் தாங்கவேண்டிய நாடு தனக்கு உயர்ந்த எல்லையை வகுத்துக்கொள்ளலாம். விபத்தோடு எத்தொடர்புமில்லாத நாட்டின் குழந்தை எதன்பொருட்டு அதனைப் பகிரவேண்டும் என்பதே அவ்வாதமாகும்.

நாட்டுக்கு நாடு எல்லை வேறுபட்டமையால் உணவு, நீர் பள்ளம் நோக்கி ஓடுவதுபோல், கட்டுப்பாடு தளர்ந்த இடத்தை நோக்கி ஓடியது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1989ஆம் ஆண்டில் உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழு, பன்னாட்டு வணிகத்துக்கான வழிகாட்டும் அளவுகளை வெளியிட்டது. சீசியத்துக்கு அது கிலோகிராமுக்கு 1,000 பெக்கரல் என்றது. அவ்வளவைப் பின்பற்றும் நாடும், அதனினும் தாழ்ந்த எல்லையை வைக்கும் நாடும் இருசாராருமே அளக்க வல்லவராயிருத்தல் வேண்டும் என்பதை அவ்வழிகாட்டி மாற்றவில்லை.

பம்பாய் வெண்ணெய் வழக்கு

அண்டை நாடாகிய இந்தியாவில் இவ்வினா நீதிமன்றத்தையே அடைந்தது. வெண்மைப் புரட்சித் திட்டத்துக்கு உதவியாக ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வழங்கிய அயர்லாந்து வெண்ணெய் பம்பாய்க்கு வந்தது. அது செர்னோபிற் கதிரியக்கத்தால் மாசுற்றது, மக்களுக்கு விநியோகித்தலாகாது என்று மருத்துவர் சிவராவ் சாந்தாராம் வாகளே முதலியோர் பம்பாய் உயர் நீதிமன்றில் வழக்குத் தொடுத்தனர். அங்கே தோல்வியுற்றபின் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றுக்குச் சென்றது.

இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1987ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் நாள் உணவுப் பொருள்களுக்கான எல்லைகளை வகுத்திருந்தது. அவ்வெல்லைக்குட்பட்ட பாலும் பாற்பொருள்களும் மனிதர் உண்ணத் தக்கனவா என்று ஆராய, பேராசிரியர் எம். ஜி. கே. மேனன், கலாநிதி பி. கே. ஐயங்கார் ஆகியோர் உள்ளிட்ட மூவர் குழுவை நீதிமன்று அமைத்தது. தக்கனவே என்று குழுவினர் ஒருமுகமாகக் கூறினர். 1988ஆம் ஆண்டில் நீதிமன்று அதனை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இம்முடிவை விஞ்ஞான நோக்கிற் காணுமிடத்து அது வியப்பளிப்பதன்று. வெண்ணெயிற் சீசியம் மிகக் குறைவாகவே சேரும் என்பது மேலே விளக்கப்பட்டது. ஆயினும், வழக்கிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, இந்தியா அயர்லாந்தின் சான்றிதழை மாத்திரம் நம்பி அமையவில்லை. தன் அறிஞரைக் கேட்டது. தன் எல்லையை வைத்து மதிப்பிட்டது. பாபா அணு ஆராய்ச்சி நிலையம் போன்ற நிறுவனங்களை அந்நாடு முன்னரே வளர்த்திருந்தமையால் அஃது இயல்வதாயிற்று. இரண்டாவது, எல்லை வகுக்கப்பட்டது விபத்து நிகழ்ந்து 16 மாதங்கள் கழிந்தபின்னராகும். குழுவினருள் ஒருவராகிய ஐயங்கார் அந்நாளில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநருமாவார். அறிவிலும் நேர்மையிலும் ஐயமில்லாதவரேயாயினும், அணுத்துறையைச் சார்ந்தவரே அணுவின் தீங்கை மதிப்பிடும்போது பொதுமக்கள் மனம் முழுதும் அமைதியடைவதில்லை. அளவையின் திருத்தத்தோடு அளப்பவரின் சார்பின்மையும் வேண்டும் என்பதே அவ்வழக்கு விட்டுச்சென்ற படிப்பினை.

இலங்கையும் கீழ்க்கரையும்

இலங்கை 1957ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு அணுசக்தி முகவரகத்தில் உறுப்பினராகச் சேர்ந்த நாடு. 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் இங்கு அணுசக்தி அதிகாரசபை தோன்றியது. அணுமின் நிலையமே இல்லாத நாட்டுக்கு அத்தகைய சபை எதற்கு என்று வினவியோர்க்குச் செர்னோபில் விடையளித்தது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையின்பின் அயல்நாட்டுப் பால்மா நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. இறக்குமதியாகும் பாலுணவின் கதிரியக்கத்தைச் சோதித்துச் சான்றளித்தல் விபத்தின்பின் அச்சபையின் வழக்கமான கடமைகளுள் ஒன்றாயிற்று. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் பழைய சபையை இரண்டாகப் பிரித்தது. ஆய்வும் சேவையும் இலங்கை அணுசக்திச் சபைக்கும், கண்காணிப்பு இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும் உரியனவாயின. பயன்படுத்துவோரையும் கண்காணிப்போரையும் வேறுபடுத்திய இப்பிரிவு, பம்பாய் வழக்கிற் கண்ட இரண்டாம் பாடத்துக்கு இயைந்ததாகும்.

ஆனால் கல்முனைக் கடைக்காரனுக்கும் கொழும்பு ஆய்வுகூடத்துக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வருகின்றார். பொதியின் காலாவதித் திகதியைப் பார்க்கின்றார், பழுதுற்றதைக் கைப்பற்றுகின்றார். பெக்கரலை அவர் பார்த்தல் இயலாது. திரவ நைதரசனாற் குளிரூட்டப்பட்ட ஜேர்மானியப் பளிங்கின் முன், ஈயக் கவசத்துள், மாதிரியை நெடுநேரம் வைத்தே அதனை அளத்தல் கூடும். ஆகவே, துறைமுகத்தில் அளவை தவறுமாயின் ஊரிற் பிடிப்பார் எவருமிலர். கீழ்க்கரை முஸ்லிம் மக்கள் உணவு ஹலாலானதா என்று வினவுவதில் மிகவும் கருத்துடையர். அதனோடு தையிபானதா, அதாவது தூயதும் நலந்தருவதுமானதா, என்று வினவுவதும் அவர்தம் மரபே. முதல் வினாவுக்கு விடைகூற ஊரிலேயே அறிந்தோர் உளர். இரண்டாம் வினாவின் இப்பகுதிக்கு விடை தொலைதூர ஆய்வுகூடத்தின் ஏட்டில் மாத்திரமே உண்டு.

அளவை நம்பிக்கை பெறாதவிடத்து நிகழ்வது யாது என்பதை 2013ஆம் ஆண்டு ஓகஸ்டில் நாடு கண்டது. நியூசிலாந்துப் பால்மாவில் டீசீடீ என்னும் வேதிப்பொருள் உண்டு என்ற ஐயம் எழ, சுகாதார அமைச்சு அவ்வகைப் பால்மாவைச் சந்தையிலிருந்து மீளப்பெறுமாறு பணித்தது; விற்போர் சோதனை முடிவை மறுத்தனர்; விடயம் நீதிமன்றஞ் சென்றது. அது கதிரியக்கம் பற்றியதன்றாயினும் அங்கு நின்ற வினா அதுவே. யாருடைய அளவை மெய்யானது? விடை தெளியும்வரை, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைவாயிலில் நின்ற தாய்க்கு எவரும் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

புக்குசிமாவும் மீனவரும்

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கமும் கடற்கோளும் யப்பானின் புக்குசிமா அணுமின் நிலையத்தைத் தாக்கின. செர்னோபிலின்பின் 370 பெக்கரல் என்னும் எல்லை வைத்து ஐரோப்பிய உணவைத் திருப்பியனுப்பிய யப்பான், இப்போது தன் உணவு திருப்பப்படும் நாடாயிற்று. 50க்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் கட்டுப்பாடு விதித்தன. இந்தியா ஏப்பிரில் 5ஆம் நாள் யப்பானிய உணவனைத்துக்கும் மூன்று மாதத் தடை அறிவித்தது. சில நாள்களுள்ளேயே அம்முழுத்தடை கைவிடப்பட்டுச் சோதனையே வழியாகக் கொள்ளப்பட்டது. யப்பான் 2012ஆம் ஆண்டு ஏப்பிரிலிற் பொதுவான உணவுக்கு 100 பெக்கரலும், பாலுக்கும் குழந்தையுணவுக்கும் 50 பெக்கரலும் என எல்லையைத் தாழ்த்தியது. அதன்பின்னரும் தென்கொரியா 2013ஆம் ஆண்டில் எட்டு மாகாணங்களின் கடலுணவை முற்றாகத் தடைசெய்தது. யப்பான் உலக வணிக நிறுவனத்தில் முறையிட்டு 2018இல் வென்றது; 2019ஆம் ஆண்டு ஏப்பிரிலில் மேன்முறையீட்டில் தோற்றது. உணவில் அளக்கப்பட்ட அளவை மாத்திரம் நோக்கி, அவ்வுணவு தோன்றிய நிலத்தின் நிலைமையை நோக்காது விடுதல் முறையன்று என்று மேன்முறையீட்டு மன்றம் கருதியது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் நாள் சுத்திகரித்த நீரை யப்பான் கடலில் விடத் தொடங்கியபோது, சீனா யப்பானியக் கடலுணவனைத்தையும் தடுத்தது. அதே மாதத்தின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தன் கட்டுப்பாடுகளை முற்றாக நீக்கியிருந்தது. ஒரே கடல், ஒரே மீன், ஒரே மாதம். இரு பெரும் வணிகப் பகுதிகள் எதிரெதிர் முடிவு கொண்டன.

இவ்வரலாற்றில் மறக்கப்படலாகாதவர் புக்குசிமா மீனவர். அவர்கள் உலையைக் கட்டியவரல்லர், மின்சாரத்தை விற்றவருமல்லர். நாடோறும் மீனை அளந்து, எண்ணை வெளியிட்டு, எல்லை மீறியதை ஒதுக்கி, மெல்ல மெல்லவே அவர்கள் தம் சந்தையை மீளப்பெற முயன்றனர். உண்போனைக் காக்கும் அளவையே குற்றமற்ற உற்பத்தியாளனையும் காக்கும் ஒரே சாட்சியாக நின்றது.

இது கல்முனைக் கரைக்குத் தெரியாத துயரன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் எம்மாவட்டத்திலும் அத்துணைப் பேர் மாளவில்லை. அதன்பின், கடல்கொண்ட உடலங்களை மீன்கள் தின்றிருக்கும் என்னும் அச்சத்தால் நாட்டு மக்கள் மீனுண்பதைக் கைவிட்டனர். மீன் உண்ணத் தக்கதே என்று சுகாதாரத் துறையினர் கூறியும் சந்தை உடனே மீளவில்லை. படகையும் வலையையும் உறவினரையும் இழந்த மீனவன், எஞ்சிய கடலையும் சில காலம் இழந்தான். அதே நாளில் அதே கடற்கோள் தமிழகத்தின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நீரேற்று நிலையத்துட் புகுந்தது. அங்கு இயங்கிக்கொண்டிருந்த உலை பழுதின்றி நிறுத்தப்பட்டது. ஒருவேளை அது பழுதுற்றிருப்பின், வங்கக்கடலின் இருகரை மீனவரும் புக்குசிமா மீனவரின் நிலையை ஏறத்தாழ ஆறாண்டு முன்னதாகவே அடைந்திருப்பர். பின்னர்க் கூடங்குளத்திலும் உலைகள் இயங்கத் தொடங்கின. 2015ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்தியாவும் இலங்கையும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. உடன்பாடு நன்று, ஆயினும் உடன்பாடு மீனை அளக்காது.

முடிவுரை

முன்னாளிற் கீழ்க்கரையின் களத்துமேட்டில் நெல் மரைக்காலால் அளக்கப்பட்டது. வாங்குவோனும் விற்போனும் இருமருங்கும் நிற்க, மரைக்காலைப் பிடிப்பவன் கையையே இருவர் கண்களும் நோக்கும். அளவை நேர்மையாயின் இருவரும் மனநிறைவோடு வீடு செல்வர். பெக்கரலின் களத்துமேட்டிலும் அந்நீதி மாறுவதில்லை. விண்ட்ஸ்கேலில் அவசரமாக வகுத்த எல்லையும், ஐரோப்பா இணங்கிய 370உம், இந்திய நீதிமன்று அமைத்த மூவர் குழுவும், கொரியாவுக்குச் சார்பாக வந்த தீர்ப்பும் ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கூறுகின்றன. அளப்பவன் கையைப் பார்க்கும் உரிமை வாங்குவோனுக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்த அவனுக்குக் கல்வியும் கருவியும் வேண்டும்.

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அமைந்துளது. கரையோரப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர் பௌதிகமும் இரசாயனமும் கற்கின்றனர். அவர்களுள் சிலரேனும் உணவின் கதிரியக்கத்தை அளக்கும் கலையைப் பயின்று, இக்கரையின் மீனுக்கும் இக்கரைக்கு வரும் பாலுக்கும் அமைதிக்காலத்திலேயே அளவுக் குறிப்புகளைத் தொகுத்து வைப்பராயின், விபத்து நேரும் நாளிற் கல்முனை பிறர் வாயைப் பார்த்து நிற்கவேண்டியதில்லை. விபத்துக்குப்பின் அளக்கத் தொடங்குபவனுக்கு, முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரியாது. அது தெரியாதவனால் மாசு சேர்ந்தது என்று வழக்குரைத்தலும் இயலாது. சேரவில்லை என்று தன் மீனைக் காத்தலும் இயலாது.